அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இன்டர்நேஷனல் நைட் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆகஸ்டில் மாணவர் சங்கத்தின் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்றதும் முதல் கூட்டத்திலேயே பேச்சு நடனத்துக்கும் போஸ்டருக்கும் போய்விடும். யார் ஆடுவது, என்ன பாட்டு, என்ன நிறத்தில் டிஷர்ட் என்று இரண்டு மணி நேரம் ஓடும். ஆனால் பல நாட்டு மாணவர்கள் உணவும் கலையும் பகிரும் இந்த இன்டர்நேஷனல் நைட் தடுமாறுவது நடனத்தால் இல்லை. அரங்கு கிடைக்காமல், உணவுக்கு அனுமதி வராமல், பணம் வந்து சேராமல்தான் தடுமாறுகிறது. இந்த மூன்றும் வேறு அலுவலகங்களின் கையில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு.

ஆகவே பிறர் கையில் உள்ள வேலைகளை முதலில் முடியுங்கள், நம் கையில் உள்ளவை பின்னால் வரட்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒரே மாலையில் நாடுகளின் உணவு மேசைகள், அதன் பிறகு மேடை நிகழ்ச்சிகள், முந்நூறு முதல் அறுநூறு பேர் வரை கூட்டம் என்ற அளவை மனதில் வைத்து எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், வளாகத்துக்கு வளாகம் மாறும். அதனால் எந்த விஷயத்தை எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் சங்கம் அந்தக் கல்வியாண்டுக்குப் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வளாகங்களில் மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு இலையுதிர் செமஸ்டரிலும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாத சங்கத்துக்கு அரங்கும் கிடைக்காது, நிதியும் கிடைக்காது. போன வருடம் இருந்தது, இந்த வருடமும் இருக்கும் என்று நினைத்துச் செப்டம்பர் முழுவதையும் இழந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

சங்கத்துக்குப் பொறுப்பான பல்கலைக்கழக ஊழியரான அட்வைசர் யார், அவர் இந்த ஆண்டும் தொடர்கிறாரா என்பதை நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். பல படிவங்களில் அவர் கையெழுத்து இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு நகர முடியாது. ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், இன்னொருவர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் போயிருப்பார். படிவம் கொடுக்கும் அன்றைக்குத்தான் இது தெரிய வரும்.

சங்கப் பணத்தைக் கையாள்வதற்கான நிதிப் பயிற்சியை இரண்டு பேர் முடித்திருக்க வேண்டும். பொருளாளர் மட்டும் முடித்தால், அவருக்குத் தேர்வு வரும் வாரத்தில் எல்லாக் கணக்கும் நின்றுவிடும்.

2. தேதி

நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரம் வருகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையும் கல்வித் துறையும் 2000-இல் தொடங்கியது இது. அந்த வாரத்திலேயே நடத்திவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். சிறிய நிகழ்ச்சிக்கு அது நல்ல நேரம்தான். பெரிய நிகழ்ச்சிக்கு நான் ஏப்ரலையே சொல்வேன். ஆகஸ்டில் வந்திறங்கிய மாணவர்கள் நவம்பரில் இன்னும் வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நண்பர்கள் அமைந்து, ஒரு குழுவாகச் சேர்ந்து ஏதாவது செய்ய ஒரு செமஸ்டராவது ஆகும்.

தேதி குறிக்கும் முன் நான்கு நாட்காட்டிகளை அருகருகே வையுங்கள்: பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை, பல சமயங்களின் பண்டிகை நாட்கள், அரங்கின் முன்பதிவு, மற்ற பெரிய சங்கங்களின் நிகழ்ச்சிகள். நம் நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி வைப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு.

2027-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 6 சந்திரப் புத்தாண்டு, கொரியர்களுக்கு மட்டும் 7. அப்போது சீன, வியட்நாமிய, கொரிய மாணவர்கள் தங்கள் விழாவில் இருப்பார்கள். பிப்ரவரி 8-ஐ ஒட்டி ரமலான் நோன்பு தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை போகும். மார்ச் 20-ஐ ஒட்டி ஈரானியர்களின் புத்தாண்டான நவ்ரூஸ், மார்ச் 28 ஈஸ்டர், ஏப்ரல் 21 மாலை யூதர்களின் பாஸ்கா தொடக்கம். மாத இறுதியில் தேர்வுகள். எல்லாவற்றையும் கழித்தால் ஏப்ரலில் 3, 10, 17 ஆகிய மூன்று சனிக்கிழமைகள் மிஞ்சும். 17 நமக்கும் வசதி, சித்திரை முதல் நாள் அப்போதுதான் முடிந்திருக்கும். தாய்லாந்து மாணவர்களின் புத்தாண்டான சொங்க்ரானும் அதே வாரம்தான்.

ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், எனவே பழைய கோப்பில் உள்ள தேதியை அப்படியே எடுக்காதீர்கள். வேறு வழியே இல்லாமல் நோன்பு மாதத்தில் நடத்த நேர்ந்தால், அன்றைய சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து உணவை அதற்குப் பிறகு திறங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் தனி மேசையில் இருக்கட்டும், தொழுகைக்கு ஓர் அமைதியான அறையும் வேண்டும். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். அதைக் கடைப்பிடிப்பவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் ஞாயிறு மாலை சரிவருமா என்று அவர்களையே கேளுங்கள்.

3. அரங்கு

தேதி முடிவான அன்றே அரங்கைப் பதிவு செய்யுங்கள். ஸ்டூடன்ட் யூனியன் எனப்படும் மாணவர் மையக் கட்டடத்தின் பெரிய ஹால் வசந்த செமஸ்டரின் சனிக்கிழமைகளுக்கு மாதக்கணக்கில் முன்பே போய்விடும். இரண்டு தேதிகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

பதிவு செய்யும் நேரம் நிகழ்ச்சி நேரம் மட்டும் அல்ல. மேசை போட, ஒலி சரிபார்க்க, ஒத்திகை பார்க்க, முடிந்தபின் சுத்தம் செய்ய என்று முன்னால் ஐந்து மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் சேர்த்துப் பதியுங்கள். மாலை ஐந்தரைக்கு நிகழ்ச்சி என்று ஐந்துக்கு அரங்கு எடுத்தவர்கள், முந்தைய நிகழ்ச்சியின் நாற்காலிகளுக்கு நடுவே உணவுத் தட்டுகளோடு நிற்க வேண்டியிருக்கும்.

அரங்கை நேரில் பார்க்கும்போது தரையைப் பாருங்கள். வெறுங்காலோடு ஆடும் பரதநாட்டியத்துக்கு மரத்தரை வேண்டும். சிமென்ட் மேல் நேராக ஆடினால் முழங்கால் போய்விடும், கார்ப்பெட் மேல் ஆடினால் பாதம் திரும்பாது. சீனச் சிங்க நடனத்துக்கு மேடையை விடத் தரைமட்ட இடமும் அகலமான வழியும் முக்கியம். சக்கர நாற்காலியில் வருபவர் மேடைக்கு எப்படி ஏறுவார் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

4. யார் பங்கேற்கிறார்கள், எப்படிப் பங்கேற்கிறார்கள்

இதைச் செப்டம்பர், அக்டோபரில் செய்யுங்கள். மற்ற குழுக்களுக்கு நாமே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, "உங்கள் நாட்டுக்கு ஒரு மேசை, ஒரு நடனம்" என்று மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. முதலில் போய்ப் பேசுங்கள். என்ன செய்ய விருப்பம், எத்தனை பேர் இருக்கிறீர்கள், என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். மூன்றே பேர் உள்ள நேபாளக் குழுவால் நடனம் தர முடியாது. ஒரு பாடலும் தேநீரும் தர அவர்களால் முடியும். ஆப்பிரிக்க மாணவர் சங்கம் ஒரே மேசை கேட்குமா, எத்தியோப்பியாவும் நைஜீரியாவும் கானாவும் தனித்தனியாகக் கேட்குமா என்பது அவர்கள் சொல்ல வேண்டியது.

அடுத்தது இந்தியர்களாகிய நமக்கு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த பன்னாட்டு மாணவர்கள் 11 லட்சத்துச் சொச்சம் பேரில் 3,31,602 பேர் இந்தியர்கள், எல்லா நாடுகளிலும் அதிகம். பல வளாகங்களில் இந்திய மாணவர் சங்கமே பெரியது, வாலன்டியர்களும் அதிகம். அதன் விளைவு என்ன? கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் மேடையில் பாதி நேரம் பாலிவுட் மெட்லியாகப் போய்விடும். உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த இரண்டு பேர் தங்கள் முறைக்காக ஒன்பதரை மணி வரை காத்திருப்பார்கள், பார்க்கக் கூட்டம் இருக்காது. அதனால் சங்கம் பெரிதோ சிறிதோ, ஒரு குழுவுக்கு நான்கு நிமிடம், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு நிகழ்ச்சி என்று அக்டோபரிலேயே எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். பிப்ரவரியில் சொன்னால் சண்டை வரும், ஏற்கெனவே ஏழு நிமிடத்துக்குப் பயிற்சி எடுத்திருப்பார்கள்.

கொடிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். பல வளாகங்களில் கிடங்கில் ஒரு பெட்டி நிறையக் கொடிகள் இருக்கும். அதை அப்படியே எடுத்து மாட்டுவதுதான் பெரிய வம்பு. அமெரிக்காவில் வாழும் வியட்நாமியக் குடும்பங்கள் பலவற்றுக்கு மஞ்சள் நிறத்தில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய கொடிதான் தங்கள் கொடி. வியட்நாமிலிருந்து நேராகப் படிக்க வந்தவர்களுக்குச் சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம். இந்த இரு சாராரும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். ஆப்கானிஸ்தான், ஈரான், தைவான், திபெத், பாலஸ்தீனம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. இலங்கை மேசையில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து நிற்பார்களானால், சிங்கக்கொடியை நடுவில் வைப்பது பற்றி இருவரையும் தனித்தனியே கேளுங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டால் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே விதி எல்லோருக்கும் பொருந்த வேண்டும், அது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். மேசையின் பெயரும் அதில் உள்ள கொடியும் அந்த மேசையை நடத்துபவர்களின் விருப்பம், கொடி வைப்பது கட்டாயமில்லை, இன்னொரு மேசையின் கொடியை யாரும் அகற்றக் கூடாது. இந்த மூன்று வரியைச் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அன்று மாலை யாராவது ஆட்சேபித்தால் பத்தொன்பது வயது வாலன்டியர் வாதாட வேண்டியதில்லை, அலுவலகம் ஒப்புக்கொண்ட விதியைக் காட்டினால் போதும்.

வரைபடங்களும் இப்படித்தான். காஷ்மீர் எல்லைக்கோடு எங்கே என்பதை இந்திய, பாகிஸ்தானிய, சீன மாணவர்கள் உங்கள் போஸ்டரைப் பார்த்து முடிவு செய்யப் போவதில்லை. எல்லைக்கோடு இல்லாத உலகப் படத்தில் ஊர்களைப் புள்ளியாகக் குறிக்கும்படி செய்யுங்கள். வருபவர்கள் தங்கள் ஊரில் ஒரு ஊசியைக் குத்தலாம். அந்தப் பலகை முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும்.

5. பணம்

மாணவர் அரசு எனப்படும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பேரவையின் நிதிக்கான விண்ணப்பம் பல வளாகங்களில் முந்தைய செமஸ்டரிலேயே மூடிவிடும். ஏப்ரல் நிகழ்ச்சிக்கு அக்டோபர், நவம்பரில் பட்ஜெட் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலைப்பட்டியலை இணையுங்கள். "உணவு: 3,000 டாலர்" என்று ஒற்றை வரியில் எழுதினால் பாதியாக வெட்டுவார்கள். எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு, யாரிடம் வாங்குகிறோம் என்று பிரித்து எழுதினால் வெட்டுவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

ஒப்புதல் வரும் முன் எதையும் வாங்காதீர்கள். ஒப்புதல் தேதிக்கு முந்தைய ரசீதுக்குப் பணம் திரும்பி வராது. அதேபோல, பல்கலைக்கழகத்துக்கு விற்பனை வரி விலக்கு இருந்தால் அதற்கான சான்றிதழைக் கடையில் காட்ட வேண்டும். காட்டாமல் வாங்கினால் அந்த வரி உங்கள் பையிலிருந்து போகும். படிக்க வந்த பிள்ளை சொந்தக் கிரெடிட் கார்டில் இரண்டாயிரம் டாலர் போட்டுவிட்டு ஜூன் வரை காத்திருக்கும் நிலை வரவே கூடாது. பெரிய தொகைகளை அலுவலகமே நேராகச் செலுத்தட்டும்.

வெளியிலிருந்து வரும் கலைஞருக்குப் பணம் தருவதானால் ஒப்பந்தமும் வரிப் படிவமும் வாரக்கணக்கில் நேரம் எடுக்கும். மாணவர் யாருக்காவது பணம் தரும் எண்ணம் இருந்தால், முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு எது வேலை, எது இல்லை என்பது விளையாட்டான விஷயம் இல்லை. ஐம்பது டாலருக்காக ஒருவர் விசாவைச் சிக்கலில் விடக் கூடாது.

6. உணவு

நிகழ்ச்சிக்கு வருபவர்களில் பாதிப் பேர் உணவுக்காக வருகிறார்கள். விதிகளும் இங்கேதான் அதிகம். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

முதல் உண்மை: பெரும்பாலான வளாகங்களில், பொதுமக்களுக்குத் திறந்த நிகழ்ச்சியில் வீட்டில் சமைத்த உணவைப் பரிமாற முடியாது. அபார்ட்மென்ட் சமையலறைக்கு உரிமம் கிடையாது. யாருக்காவது வயிறு கெட்டால் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் மேல் வரும். "எங்கள் அம்மாக்கள் வந்து சமைப்பார்கள்" என்ற திட்டம் மார்ச்சில் நிராகரிக்கப்பட்டால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்காது. அக்டோபரிலேயே வளாகத்தின் சுகாதாரப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கேளுங்கள். கவுன்டி (மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையின் தற்காலிக உணவு அனுமதி தேவையா என்பதை அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் இருக்கும் வழிகள் மூன்று. உரிமம் உள்ள உணவகத்திலிருந்து வாங்குவது முதல் வழி. உரிமம் உள்ள சமையலறையை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பார்வையில் சமைப்பது இரண்டாவது. வளாகத்தின் உணவுக்கூடச் சமையல்காரர்கள் உங்கள் செய்முறையைச் சமைப்பது மூன்றாவது. சில பல்கலைக்கழகங்களில் உணவு ஒப்பந்த நிறுவனத்துக்கு முன்னுரிமை உண்டு, வெளி உணவுக்கே தனி அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த அனுமதி கிடைக்காவிட்டால் மூன்றாவது வழிதான் உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நன்றாகச் செய்தால் அந்த உணவு அடுத்த வருடம் உணவுக்கூடப் பட்டியலிலும் இடம்பிடிக்கும்.

ஆனால் செய்முறையை அவர்கள் மொழியில் கொடுக்க வேண்டும். "கொஞ்சம்", "தாளிக்கவும்" என்றெல்லாம் எழுதினால் வேலைக்கு ஆகாது. வெண்பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ருசி பார்க்கும் சிறு கிண்ணத்தில் ஆளுக்கு 60 கிராம் என்றால் 250 பேருக்கு 15 கிலோ பொங்கல். அதற்கு அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துச் சுமார் 3 கிலோ போதும். இப்படி எடையில் எழுதுங்கள். நெய்யை எப்போது சேர்ப்பது, மிளகை முழுதாகப் போடுவதா ஒன்றிரண்டாக இடிப்பதா என்பதையும் எழுதுங்கள். முக்கியமாக, பொங்கல் ஆற ஆற இறுகும், பரிமாறும் முன் வெந்நீர் விட்டுத் தளர்த்த வேண்டும் என்று சொல்லுங்கள். இது தெரியாத சமையல்காரர் இறுகியதை அப்படியே வைத்துவிடுவார், மக்கள் அதைச் சிமென்ட் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன் ஒரு சிறிய அளவு சமைத்துச் சேர்ந்து ருசி பாருங்கள். அன்றைக்குச் சரிசெய்ய முடியாததை அப்போது சரிசெய்துவிடலாம்.

வெப்பநிலை. அமெரிக்க உணவு விதிமுறையில் சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. அங்கே உள்ளவர்கள் இதை 135, 41 ஃபாரன்ஹீட் என்பார்கள். சாஃபிங் டிஷ் (அடியில் சிறு சுடர் எரியும் பரிமாறும் பாத்திரம்) உணவைச் சூடாக வைத்திருக்கும், ஆறியதைச் சூடாக்காது. புதியவர்கள் தவறுவது இங்கேதான். உணவகத்திலிருந்து வெதுவெதுப்பாக வந்த தட்டை அதில் வைத்துவிட்டு, சூடாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். வந்ததும் தெர்மாமீட்டரால் அளந்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். சோறு, பருப்பு இரண்டும் வெதுவெதுப்பில் கிடந்தால் நச்சு உண்டாக்கும் பாக்டீரியா வளரும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. "சாதம்தானே, கெடாது" என்பது தவறான நம்பிக்கை.

ஒவ்வாமை அட்டைகள். அமெரிக்கச் சட்டப்படி முக்கிய ஒவ்வாமைப் பொருட்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், ஓடுள்ள உயிரினங்கள் (இறால், நண்டு), மரக்கொட்டைகள் (முந்திரி, பாதாம் போன்றவை), நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023-இல் சேர்ந்தது. நம் உணவில் மறைந்திருப்பவற்றைக் கவனியுங்கள். பொங்கலில் முந்திரி கண்ணுக்குத் தெரியும். இட்லிப் பொடியில் எள் தெரியாது. கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். அதனால் சாம்பாரில் கோதுமை இல்லை என்று எழுதும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். இதில் கவனக்குறைவாக இருந்தால் ஒருவர் ஆம்புலன்ஸில் போக நேரிடும்.

சைவம் என்பது நமக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. கோழிச் சாறில் வெந்த சாதத்தையும் மீன் சாஸ் போட்ட காய்கறியையும் சைவம் என்று நல்லெண்ணத்தோடே எழுதுவார்கள். ஆகவே அட்டையில் "சைவம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஹலால் என்று எழுதுவதானால் இறைச்சி வாங்கிய கடையைக் குழுவினர் சொல்ல முடிய வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, கூடுதலாக மேசைக்கு இரண்டு கரண்டி. ஒரே கரண்டி இறைச்சிக் குழம்பிலிருந்து பருப்புக்குப் போவதைச் சைவர் பார்த்துவிட்டால் அந்த மேசையில் எதையும் சாப்பிட மாட்டார்.

2027 ஏப்ரல் கணக்கில் இன்னொன்று: கிழக்கத்திய கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் மே 2-இல் வருவதால் ஏப்ரல் முழுவதும் எத்தியோப்பிய மாணவர்கள் பலர் நோன்பில் இருப்பார்கள். இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டார்கள். அவர்கள் கொண்டுவரும் மசூர் பருப்புக் குழம்பும், தோசை போன்ற புளித்த மாவு இன்ஜெராவும் நம் சைவர்களுக்கும் சரியாக இருக்கும். நம் மேசையில் நெய் சேராத ஒரு பதார்த்தம், எலுமிச்சைச் சாதம் மாதிரி, வைத்தால் அவர்களும் சாப்பிடுவார்கள்.

7. நெருப்பும் மின்சாரமும்

குத்துவிளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் இவற்றை அரங்குக்குள் ஏற்ற விட மாட்டார்கள். புகை உணர்கருவி ஒலித்தால் முழுக் கட்டடமும் காலியாகும். பேட்டரி விளக்குகளை வாங்கிக் குத்துவிளக்கின் முகங்களில் வையுங்கள், தொலைவிலிருந்து நன்றாகவே இருக்கும். சாஃபிங் டிஷ்ஷின் எரிபொருள் டப்பாவும் சில வளாகங்களில் திறந்த சுடர்க் கணக்கில் வரும். தீயணைப்புப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

பறையாட்டம் வைப்பவர்கள் கவனிக்க: தோல் பறையை நெருப்பில் காய்ச்சாமல் ஒலி எழாது, ஹாலுக்கு அருகே தீ மூட்டவும் முடியாது. செயற்கைத் தோல் கட்டிய பறையை முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஈரமும் குளிரும் உள்ள ஊர்களில் தோல் பறை விரைவில் தொய்ந்துவிடும்.

மின்சாரம் 120 வோல்ட். ஒரு சாதாரண 15 ஆம்பியர் இணைப்பு அதிகபட்சம் 1,800 வாட் தாங்கும். ஒரு இன்டக்ஷன் அடுப்பே அதை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஒரே சுவரில் நான்கு பிளக் இருந்தாலும் அவை ஒரே இணைப்பில் இருக்கலாம். எந்த பிளக் எந்த இணைப்பு என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டு மேசைகளைப் பிரித்து வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை அங்கே மாட்ட வேண்டாம்.

கோலத்தை நேராகத் தரையில் போடாதீர்கள். வண்ணப்பொடி கார்ப்பெட்டிலிருந்து போகாது, துப்புரவுக் கட்டணம் உங்கள் கணக்கில் ஏறும். தடித்த அட்டையில் போட்டு, அவசர வழியில் இல்லாத இடத்தில் வையுங்கள். மருதாணிக்கு இயற்கைக் கூம்பு மட்டும். "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் தலைச்சாய ரசாயனம் இருக்கும், தோல் கொப்பளித்துப் போகும்.

8. மேடை

பாட்டுக் கோப்புகளை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். யூடியூப் இணைப்பு வேண்டாம், நடுவில் விளம்பரம் ஓடும். எம்.பி.3 கோப்பாக, வரிசை எண்ணோடு பெயரிட்டு, இரண்டு யு.எஸ்.பி.யில் வையுங்கள். அரங்கில் பாட்டு போடுவதற்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே உரிமம் வைத்திருக்கும். நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது அதில் அடங்காது. திரைப்படக் காட்சி காட்டுவதானால் தனிப் பொதுத் திரையிடல் அனுமதி வேண்டும், வீட்டு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு போதாது.

ஓடும் தாள், அதாவது நிமிட வாரியான நிகழ்ச்சி நிரல், ஒன்று தயார் செய்யுங்கள். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: "7.24, மங்கோலியா, குதிரைத்தலை வாத்தியம், ஒருவர், நாற்காலி ஒன்று, மைக் ஸ்டாண்டு ஒன்று தாழ்வாக, பாட்டுக் கோப்பு இல்லை. அடுத்து மேடையோரம் நிற்பது: கொலம்பியா." அடுத்தவர் யார் என்ற அந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று நிமிடம் போகும். பதினைந்து நிகழ்ச்சிக்கு அது முக்கால் மணி நேரம்.

பெரிய நடனத்துக்கு அடுத்து ஒற்றை ஆள் பாடலை வையுங்கள். பாடகர் திரைக்கு முன்னால் நிற்கும்போது பின்னால் பொருட்களை மாற்றலாம். நண்பர்கள் பட்டாளம் உள்ள பெரிய குழுக்களைக் கடைசியில் வையுங்கள், சிறிய குழுக்களை முதல் பாதியில். நண்பர் ஆடியதும் கூட்டம் எழுந்து போகும், எல்லா வளாகத்திலும் இதே கதைதான்.

அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பெயரையும் அந்தந்தக் குழுவினரிடமே கேட்டு, தங்கள் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் ஒருமுறை மைக்கில் சொல்லிப் பார்க்கட்டும். வருடம் முழுக்கத் தன் பெயர் சிதைந்து ஒலிப்பதைக் கேட்டவருக்கு அன்றைக்காவது அது சரியாகக் கேட்க வேண்டும்.

9. விளம்பரம்

இடம், நேரம் உறுதியான பிறகே போஸ்டர். சைகை மொழிபெயர்ப்பு போன்ற உதவி தேவைப்படுவோர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வாரங்கள் ஆகும். இலவச டிக்கெட் எடுத்தவர்களில் கணிசமானோர் வர மாட்டார்கள், அதைக் கணக்கில் வைத்து டிக்கெட் கொடுங்கள். ஆனால் அரங்கின் கொள்ளளவைத் தாண்டி யாரையும் உள்ளே விடாதீர்கள்.

10. நிகழ்ச்சி நாள்

உணவு முதலில், மேடை பிறகு. ஐந்தரைக்கு மேசைகள் திறக்கட்டும், ஏழுக்கு மேடை. தலைகீழாக வைத்தால் மேடை அரை மணி தாமதமாகும்போது உணவு ஆறிக்கொண்டிருக்கும், வெப்பநிலை விதியும் மீறப்படும். ஒரே நேரத்தில் வைத்தால் ஆடுபவர்கள் சாப்பிடாமலே போவார்கள்.

ஆடுபவர்களுக்கும் மேசையில் நிற்பவர்களுக்கும் ஐந்து மணிக்கே தட்டு போட்டுவிடுங்கள். இதைச் செய்யாத நிகழ்ச்சிகளில் எட்டு மணிக்கு வாலன்டியர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, பசி.

எல்லா மேசைக்கும் ஒரே வரிசை விடாதீர்கள். மேசைகளைச் சுவரோரம் பரப்பி, நான்கு பக்கமும் நுழையும்படி வையுங்கள். பெரிய கூட்டம் சேரும் இரண்டு மேசைகளை எதிரெதிர் மூலையில் போடுங்கள். ஒவ்வொரு மேசையும் உணவில் மூன்றில் ஒரு பங்கை ஆறரை வரை வெளியே எடுக்காமல் வைத்திருக்கட்டும். இல்லாவிட்டால் வகுப்பு முடிந்து வருபவர்களுக்கு வெறும் தட்டுதான்.

ஒருவர் எந்த வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும். சாவி வரவில்லை, மைக் இறந்துவிட்டது, ஒரு பாட்டி மயங்கிவிட்டார் என்றால் ஓடக்கூடியவர் அவர்தான். தலைவரே அந்த ஆளாக இருப்பது நல்லது. பல தலைவர்கள் தாங்களே ஆடவும் ஒப்புக்கொண்டு, வேண்டிய நேரத்தில் உடைமாற்றும் அறையில் இருப்பார்கள்.

11. முடிந்த பிறகு

ரசீதுகளை அந்த வாரமே கொடுங்கள். நிதியாண்டு முடியும் தேதிக்குப் பிறகு வந்த ரசீதை ஏற்க மாட்டார்கள், மே மாதத்தில் அலுவலகமும் பாதிக் காலியாக இருக்கும்.

ஒவ்வொரு குழுவையும் தனியாகக் கேளுங்கள்: எந்த உணவு எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எது மிஞ்சியது, எங்கே நெரிசல், யாருக்கு மனக்கசப்பு. பொதுக் கூட்டத்தில் கேட்டால் "சூப்பராக இருந்தது" என்ற பதில்தான் வரும். மிகச் சிறிய குழுவிடம் முதலில் கேளுங்கள். அடுத்த வருடம் வருவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் அவர்கள்தான்.

இறுதியாக, எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள்: பட்ஜெட், அனுமதிப் படிவங்கள், ஓடும் தாள், எடையில் எழுதிய செய்முறைகள், கொடி விதி, ஒவ்வொரு அலுவலகத்திலும் யாரிடம் பேசுவது, எந்தப் படிவம் எந்த மாதம் மூடும். அந்தக் கோப்புறை சங்கத்தின் பொதுக் கணக்கில் இருக்க வேண்டும். பட்டம் பெற்றுப் போனவரின் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படும்போது அதில் இருந்த கோப்புகளும் போய்விடும். புதிய நிர்வாகிகள் மே மாதமே தேர்வாகிவிட்டால், ஊருக்குப் போகும் முன் அவர்களை உட்கார வைத்து, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்து, அடுத்த வசந்த செமஸ்டரின் அரங்கு முன்பதிவு எந்தத் தேதியில் திறக்கிறது என்பதை அவர்கள் ஃபோனில் அலாரமாகவே வைத்துவிடுங்கள்.